நொப்பஸின் பூர்வீகம்

ஒரு பிராணியைப் படைத்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை என்பதை அலைடா டெர்ப்ஸ்ட்ரா தன் எழுபத்தாறாவது வயதில்தான் தெரிந்துகொண்டாள். அதைத் தெரிந்துவைத்திருப்பதற்கென்றே உட்ரெக்ட் நகரில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் தேசியக் குழந்தைப் பாத்திரத் தோற்றுவாய் நிலையம்.

படப்புத்தகங்களில் வரும் யானை, வாத்து, பேசும் கெண்டி முதலியவற்றின் பூர்வீகத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சான்று கொடுப்பது நிலையத்தின் வேலை. சான்று பெற்ற பிராணிக்குச் சொந்த ஊரில் ஒரு வெண்கலச் சிலை வைப்பார்கள். சிலைக்குக் கீழே ஒரு கல்லில் அது பிறந்த கதையை வெட்டுவார்கள். நம் பக்கத்தில் கோயிலுக்குத் தலபுராணம் எழுதிவைப்பதில்லையா, அதே சமாச்சாரந்தான். ஆனால் நம் தலபுராணக்காரர்கள் சாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபியும் கொடுத்து, "நீங்கள் சொல்வது சரியில்லை" என்று சொன்னதாகத் தெரியவில்லை.

அலைடாவின் பிராணிக்குப் பெயர் நொப்பஸ். ஒரே இழுப்பில் போட்ட ஒரு சுழிதான் அதன் உடம்பு. அதில் இரண்டு காது, நாலு குட்டைக் கால், ஒரு கண். அவ்வளவுதான். மாவு டப்பாவுக்குள் விழும், படகிலிருந்து தவறும், புகைபோக்கியில் மாட்டிக்கொள்ளும். எப்படியோ வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டு "நொப்பஸ்" என்று சொல்லிவிட்டு நடக்கும். அந்த ஊர்ப் பேச்சில் நொப்பஸ் என்றால் 'ஒண்ணுமில்ல' என்று அர்த்தம். அந்த நாட்டுப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் அழுகையை விழுங்கிக்கொண்டு "நொப்பஸ்" என்கிறார்கள். காயத்தில் ஒட்டும் பிளாஸ்திரியிலும் அதுதான் நிற்கிறது.

அது பிறந்த கதை இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற கதை. அந்த நாட்டு வாத்தியார்கள் விடை சரியென்றால் பக்கத்தில் சிவப்பாக ஒரு சுழி போடுவார்கள். தப்பென்றால் ஒரு கோடு. பிள்ளையார் சுழியை நாம் எழுதுவதற்கு முன் போடுகிறோம், அவர்கள் எழுதி முடித்த பின் போடுகிறார்கள். பள்ளிக்கூடம் தாண்டி அலுவலகத்துக்குப் போனாலும் இந்தப் பழக்கம் போகாது. ஒரு காகிதத்தின் அடியில் சுழி இருந்தால் 'பார்த்தேன், சம்மதம்' என்று பொருள்.

அலைடாவின் அண்ணன் வீபேக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சுழிகூட விழுந்ததில்லை. எழுத்துகள் அவன் கண்ணுக்கு முன் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு இன்றைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அன்றைக்குத் தடி மட்டும் இருந்தது. தலைமையாசிரியர் அவனை 'கோடு' என்று கூப்பிட்டார். வகுப்பு கூப்பிட்டது, பிறகு ஃபிரானெக்கர் ஊரே கூப்பிட்டது. ஒருநாள் சின்னவள் அலைடா பொறுக்கமாட்டாமல் சிவப்புப் பென்சிலை எடுத்து அண்ணனின் நோட்டில் தானே ஒரு பெரிய சுழி போட்டாள். போட்டுக்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியர் பின்னால் வந்து நின்றார். அவள் அவசரமாகச் சுழிக்குக் காதும் காலும் வைத்தாள். "என்ன வரையுற?" என்றார். "நொப்பஸ்" என்றாள். அவள் காதைத் திருகினார். நொப்பஸ் பிறந்தது இப்படித்தான்.

இதை அவள் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. அண்ணனின் மானம் என்று விட்டுவிட்டாள். வீபே நாற்பது வருஷம் படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கி, ஓய்வுபெற்று, இப்போது எண்பது வயதில் மூச்சிரைப்போடு பக்கத்துத் தெருவில் இருந்தான். காலையில் தங்கை வீட்டுச் சமையலறைக்கு வந்து காபி குடிப்பான். நொப்பஸைத் தேசியப் பாத்திரமாக அறிவித்து, சிலை வைக்கப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த அன்றும் வந்தான்.

"பாலத்துக்குப் பக்கத்துலயா வைக்கிறாங்க?"

"உன் பாலத்துக்குப் பக்கத்துலதான்."

"படகுக்காரன் ஒவ்வொருத்தனும் வாயப் பொளந்து அதயே பாத்துட்டு வந்து தூண்ல முட்டுவான். சொல்லிவை அவங்ககிட்ட." கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவினான். தடவிக்கொண்டே இருந்தான். "கீழ கல்லு வைப்பாங்களாம்ல. எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதுவாங்களா அதுல?"

"அதுக்குத்தான் கல்லே."

"என் பேரு வருமா?"

அலைடா நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சும்மா கேட்டேன். அந்தப் பாலாடைக்கட்டிய இப்படித் தள்ளு."

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். கேட்டதற்காகக் காது வரை சிவந்துபோயிருந்தான். அந்தக் கல்லில் அவன் பெயர் வராமல் விடுவதில்லை என்று அவள் அங்கேயே தீர்மானித்தாள். நொப்பஸைப் படைத்தவள் அவள், அண்ணன் அவளுடைய அண்ணன், கதை அவளுடைய கதை. இதில் என்ன தடை வரும் என்றுதான் நினைத்தாள். பாவம், நிலையங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

நிலையத்திலிருந்து வந்த ஆய்வாளருக்கு ஆப்பிள் கேக் வெட்டிக் கொடுத்து முழுக் கதையையும் சொன்னாள். அவரும் ஒலிப்பதிவு செய்துகொண்டு, கேக்கைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். சில மாதங்கள் கழித்து, தலைக்கு வைத்துத் தூங்கலாம் போன்ற கனத்தில் ஓர் அறிக்கை வந்தது. அதிலிருந்துதான் நிலையத்துக்குள் இரண்டு கட்சி இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அலைக்கட்சி சொன்னது: நொப்பஸின் உடம்பு ஓர் அலை, இது கடலோடு நாம் நடத்திய போராட்டத்தின் வடிவம். எலிக்கட்சி சொன்னது: இல்லை, அது கரையைக் குடைந்து வளை தோண்டும் எலி. கடலா, கடலை உள்ளே விடும் எலியா என்று இருநூறு பக்கத்துக்கு வாதம் நடந்திருந்தது. அலைடா சொன்ன கதை கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது: 'குடும்பத்தில் வழங்கும் செவிவழிச் செய்தி. சரிபார்க்கப்படவில்லை.'

சிவப்புப் பென்சிலை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினாள்: 'இது முழுக்கத் தவறு. நொப்பஸ் அலையும் இல்லை, எலியும் இல்லை. என் அண்ணன் வீபேக்காகப் பிறந்தது. கல்லில் அவன் பெயரைப் போடுங்கள்.' கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து நொப்பஸ்தான். ஐம்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பதில் எழுதி எழுதி அப்படி ஆகிவிட்டது. பதிப்பாளரின் வக்கீல் அதையே அவளுடைய சட்டப்படியான கையெழுத்தாகவும் பதிவுசெய்து வைத்திருந்தார்.

அடுத்த வாரம் ஒரு பெரிய பூங்கொத்து வந்தது. பின்னாலேயே தொலைபேசி மணி அடித்தது. பேசியவள் மார்லூஸ், நிலையத்தின் இணக்க அலுவலர். எல்லாரும் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறார்களா என்று பார்ப்பது அவள் உத்தியோகம்.

"அலைடா, உங்கள அலைடான்னே கூப்பிடலாம்ல? எங்ககிட்ட இந்த மரியாதை கிரியாதையெல்லாம் கெடையாது. உங்க ஒப்புதல் வந்துருச்சு. ஆபீஸே சந்தோஷத்துல இருக்கு."

"ஒப்புதலா? தப்புன்னுல்ல எழுதியிருந்தேன்?"

"பாத்தேன் பாத்தேன். ரொம்ப உணர்ச்சியா எழுதியிருந்தீங்க. ஆனா அடியில சுழி போட்டுட்டீங்களே."

"அம்மா, அது சுழி இல்ல. அது நொப்பஸ். காது இருக்கு பாரு, காலு இருக்கு பாரு."

"அழகா இருக்கு. ஆனா நாங்க சுழிய மட்டுந்தான் பாப்போம், அலைடா. மேல என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொண்ணா படிக்க உக்காந்தா இங்க வேலை ஓடுமா, நீங்களே சொல்லுங்க."

அலைடா இரண்டாவது கடிதம் எழுதினாள். இந்த முறை கவனமாக, சுழிவு நெளிவு இல்லாமல், அலைடா டெர்ப்ஸ்ட்ரா என்று முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். கடிதம் திரும்பி வந்தது. கையெழுத்து, பதிவில் உள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லையாம். யாரோ அவள் பெயரில் ஏமாற்றப் பார்க்கிறார்கள், எச்சரிக்கையாக இருக்கவும் என்று கரிசனத்தோடு குறிப்பிட்டிருந்தார்கள். ஆட்சேபம் உண்மையிலேயே அவளுடையதென்றால் பதிவான கையெழுத்தோடு மறுபடி அனுப்பலாம். வேறு வழி தெரியாமல் அனுப்பினாள். இன்னொரு பூங்கொத்து வந்தது, முதலில் வந்ததைவிடப் பெரிது.

"இன்னும் நாலு தடவ எதிர்ப்பு சொல்லு," என்றான் வீபே, பூவை முகர்ந்து பார்த்து. "கல்யாண மண்டபம் ஆயிரும் வீடு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரிலேயே போய்ப் பேசிவிடுவது என்று ரயிலேறினாள்.

நிலையத்தில் பெரிய வட்ட மேசை. அங்கே யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. எல்லாரும் பேசுவார்கள், எல்லாரும் ஓயும்வரை பேசுவார்கள். பேசிப் பேசித் தேய்ந்தது போக மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு. ஒரு பெண் பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடி டக்கென்று மூடிக்கொண்டது. நிலையத்தின் இயக்குநர் முனைவர் ரைனவுட் வான் ஹேமர்ட் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். முழங்கால் கிழிந்த ஜீன்ஸ் போட்டிருந்தார். விலை கொடுத்து வாங்கிய கிழிசல்.

"டைரக்டர்னெல்லாம் சொல்லாதீங்க, ரைனவுட்னு சொல்லுங்க. இங்க பெரியவங்க சின்னவங்க கெடையாது. இந்த மேசையில எல்லாரும் ஒண்ணு. நீங்களும் எங்கள்ல ஒருத்தர்தான், அலைடா. உங்களுக்கும் மத்தவங்க மாதிரியே மூணு நிமிஷம்."

"நொப்பஸ வரைஞ்சதே நாந்தானே."

"அதனாலதான் கூப்பிட்டிருக்கோம்! பாருங்க, எத்தன நிலையம் இப்படிக் கூப்பிடும்? பொதுவா புத்தகம் போட்டவங்க செத்த பெறகுதான் நாங்க ஆய்வ ஆரம்பிக்கறது. வேலையும் சுளுவா இருக்கும். உங்க விஷயத்துல நாங்களே இறங்கி வந்திருக்கோம்."

அலைடா தன் மூன்று நிமிஷத்தில் கதையைச் சொன்னாள். சிவப்புப் பென்சில், தலைமையாசிரியர், காது. மேசையைச் சுற்றிலும் தலைகள் அனுதாபத்தோடு ஆடின. பிறகு ரைனவுட் பேசினார்.

"நன்றி, அலைடா. மனச தொட்டுருச்சு. இப்ப நீங்க கேப்பீங்க, பெத்தவளுக்குத் தெரியாதா புள்ள எப்படிப் பொறந்துச்சுன்னு. தெரியாதுங்க. பெத்தவ அந்த நேரத்துல வலியில கெடக்கா. கண்ண தொறந்து வச்சுட்டு பாத்துட்டிருக்கறது டாக்டர்தான். நாங்கதான் அந்த டாக்டர். இன்னொண்ணு. நீங்க சம்பவத்துல இருந்திருக்கீங்க, அது உங்க சொந்த அண்ணன் வேற. அப்ப உங்க சாட்சியத்த நாங்க எப்படி நடுநிலையா எடுத்துக்க முடியும்? அலைக்கட்சியப் பாருங்க, எலிக்கட்சியப் பாருங்க. இவங்கள்ல ஒருத்தர்கூட அங்க இல்ல. அன்னைக்குப் பொறந்திருக்கவே இல்ல. அதுதான் நடுநிலை."

அதற்குப் பிறகு மேசை பேசத் தொடங்கியது. தங்கை வாத்தியாரின் சுழியைத் திருட்டுத்தனமாகப் போட்டாள் என்று கல்லில் வெட்டினால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும் என்று ஒரு குழந்தை உளவியலாளர் கவலைப்பட்டார். காது திருகும் வாத்தியாரைக் கல்லில் ஏற்றுவதை ஏற்க முடியாது என்றார் ஆசிரியர் சங்கத்துக்காரர், திருகியதை அவர் மறுக்கவில்லை. அண்ணனுக்குப் பதில் ஒரு மீனவரைப் போட்டால் ஊருக்கு ஆள் வரும் என்று சுற்றுலாக்காரர் யோசனை சொன்னார். எழுதப் படிக்கச் சிரமப்படுவோரின் உரிமைக்குப் போராடும் அம்மையார் ஒருவர் இருந்தார். வீபே போன்றவர்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற வேண்டும், அவர் எழுத்துமூலமாகச் சம்மதித்தால் ஒழிய அவர் பெயரை உச்சரிக்கவே கூடாது என்றார்.

"எழுத்து வராததுதானே அம்மா கதையே," என்றாள் அலைடா.

"அதனாலதான் சொல்றேன், அவர வற்புறுத்தாதீங்க," என்றார் அம்மையார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. அலையை எலி ஏற்கவில்லை, எலியை அலை ஏற்கவில்லை. அண்ணனைப் பற்றி எல்லாரும் அன்பாகப் பேசினார்கள், ஒருவரும் ஏற்கவில்லை. ரைனவுட் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். திடீரென்று திறந்தார்.

"எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம் எது? யோசிங்க. அலை இல்ல. எலி இல்ல. அண்ணன் இல்ல. எல்லாரும் ஒத்துக்கிட்டது எது?"

"ஒண்ணுமில்ல," என்றாள் மார்லூஸ், பயந்துகொண்டே.

"அதேதான்! ஒண்ணுமில்ல! நொப்பஸ்! பேர்லயே வச்சுட்டு இத்தன நாளா தேடிட்டிருந்திருக்கோம்! நொப்பஸ் எங்கிருந்தும் வரல. ஒண்ணுமில்லாததுலேருந்து தானா வந்துச்சு!"

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. நம் ஊராக இருந்தால் சுயம்பு என்று ஒரு சொல்லில் முடித்துத் தேங்காய் உடைத்திருப்பார்கள். அலைக்கட்சிக்காரர் எலிக்கட்சிக்காரரைக் கட்டிக்கொண்டார். யாருக்கும் தோல்வியில்லை. அலைடா மேசையைக் கையால் தட்டினாள்.

"நான் ஒத்துக்கல!"

"ஒத்துக்கிட்டீங்களே," என்றார் ரைனவுட் மென்மையாக. "ரெண்டு தடவ சுழி போட்டு அனுப்பியிருக்கீங்க."

"அது சுழி இல்லங்கறேன்! அது நொப்பஸ்! நொப்பஸே ஒரு சுழிதான்யா, அதத்தானே காலையிலேருந்து தொண்ட கிழிய கத்திட்டிருக்கேன்! என் அண்ணனுக்குப் போட்ட சுழிதான் அது!"

ரைனவுட்டின் கண்கள் கலங்கிவிட்டன.

"எவ்வளவு ஆழமா சொல்லிட்டீங்க. நொப்பஸே ஒரு சுழி." குறிப்பெடுக்கச் சொல்லிக் கைகாட்டினார். "அப்ப நீங்க போட்டது சுழிதான்னு நீங்களே ஒத்துக்கறீங்க. மார்லூஸ், எழுதிக்கோ. சந்தேகம் தீந்துருச்சு."

அலைடா தண்ணீர் கேட்டாள். மார்லூஸுக்கு உள்ளூர இளகிய மனசு. பக்கத்தில் குனிந்து, கடைசியாக ஒரு வழி இருப்பதாகச் சொன்னாள். முன்பு போட்ட சுழிகளை ரத்து செய்யலாம். கையெழுத்துப் பிரிவில் நேரில் உட்கார்ந்து, பதிவான கையெழுத்தைப் போட்டு, அது தன்னுடையதுதான் என்று நிரூபித்தால் போதும்.

கையெழுத்துப் பிரிவில் இருந்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பணிவான பையன். சிறுவயதில் நொப்பஸ் போர்வை போர்த்தித்தான் தூங்கினானாம். காகிதத்தை எடுத்து வைத்தான். அலைடா பென்சிலைப் பிடித்தாள். காலையிலிருந்து ஒரு பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்த உடம்பு, கை நடுங்கியது. சுழி பாதியில் கோணியது. ஒரு காது கழுத்தில் விழுந்தது.

பையன் கருவியில் வைத்துப் பார்த்தான். சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான்.

"மேடம், நல்ல முயற்சி. ஆனா இது நொப்பஸ் இல்ல."

"பின்ன என்ன?"

"நொப்பஸ் மாதிரி ஏதோ ஒண்ணு. இழுப்பு மேலேருந்து வரணும். காது கொஞ்சம் தள்ளி. இப்படி." அவனே ஒன்று வரைந்து காட்டினான். அவனுடையது அச்சு அசல் நொப்பஸ்.

"அப்ப இந்தக் கையெழுத்து செல்லாதுன்னா, முன்ன போட்டதும் செல்லாதுதானே?"

"அது செல்லும் மேடம். அது உங்க கையெழுத்து. இன்னைக்குப் போட்டதுதான் உங்களுது இல்ல."

அந்தக் காகிதத்தை நினைவாக வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று பையன் கேட்டான். தன்னுடையதைத்தான் சொன்னான்.

வீடு திரும்பும் ரயிலில் அவள் எதிரே ஒரு குழந்தை நொப்பஸ் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது. அலைடாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆத்திரத்தைக் காட்ட ஓர் எதிரி வேண்டாமா? அங்கே ஒருவர்கூட அவளிடம் குரலை உயர்த்தவில்லை. கையைப் பிடித்துப் பிடித்தே அவளை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை வீபே வந்தபோது, தேய்த்து மடித்த தன் பழைய பாலக்காரச் சீருடையைக் கையில் கொண்டுவந்திருந்தான். விழாவுக்குப் போட்டுக்கொள்ள. இரண்டு பொத்தான் தைக்கவேண்டியிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

அவளால் சுற்றிவளைக்க முடியவில்லை. "ஒண்ணுமில்லாததுலேருந்து வந்துச்சுன்னு போடப்போறாங்க. உன் பேரு இல்ல வீபே. என் வாயாலயே சம்மதம் வாங்கிட்டாங்க." சொல்லிவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதாள். கடைசியாக அவள் அப்படி அழுதது அம்மா போனபோது.

வீபே ஒரு கணம் திகைத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், சிரித்து இருமி, இருமிச் சிரித்தான்.

"அட இதுக்கா? சரியாத்தானே போட்டிருக்காங்க. நொப்பஸ்னா ஒண்ணுமில்லதானே. நாம ஒழுங்கா சாதாரணமா இருப்போம், அதுவே போதுமான கிறுக்குத்தனம். நம்ம ஊர்ல அதானே சொல்லுவாங்க." அவள் முதுகைத் தட்டினான். "பேரு வந்தா மட்டும் என்ன, பாலம் தானா தூக்கிக்குமா? ஊசிய எடு, பொத்தான தை."

அவள் தைத்தாள். அவனும் ஏதேதோ வேடிக்கை பேசிக்கொண்டிருந்தான். ஆனால் ரொட்டியை அன்று அவன் தொடவில்லை.

சிலை திறந்த நாளில் வெயில் அடித்தது. பேண்டு வாத்தியம், மேயர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வறுத்த மீன் வண்டி. அந்த நாட்டில் ஒருவருக்கு விசேஷமென்றால் அவர் வீட்டுக்காரர்கள் அனைவரையும் வாழ்த்துவார்கள். ஆகையால் வந்தவர்கள் வரிசையில் நின்று வீபேயின் கையைக் குலுக்கி, "உங்க தங்கச்சிக்காக வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். வீபே சீருடையில் நிமிர்ந்து நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். காபிக் கடைக் கூட்டாளி ஒருவன் தூரத்திலிருந்தே "ஏய் கோடு, தொப்பி எங்கடா?" என்று கத்தினான்.

ரைனவுட் பேசினார். "ஒரு தேசம் தன் குழந்தைப் பாத்திரத்தின் தோற்றுவாயைக் கூட்டாகத் தேடி, கூட்டாக எதையும் கண்டுபிடிக்காமல், கூட்டாக ஏற்றுக்கொண்ட வரலாற்று நாள் இது," என்றார். அதை அவர் எழுதிவைத்தே படித்தார். திரை விலகியது. வெண்கல நொப்பஸ் வெயிலில் மின்னியது. காது கச்சிதமான இடத்தில் இருந்தது. கீழே கல்லில் வெட்டியிருந்தார்கள்: 'நொப்பஸ் ஒன்றுமில்லாததிலிருந்து வந்தது. யாருக்காகவும் வரவில்லை. ஆகவே எல்லாருக்கும் உரியது. ஆசிரியர் இதற்குச் சுழி போட்டிருக்கிறார்.'

கூட்டம் கலைந்து மீன் வண்டிப் பக்கம் போனபின் வீபே கல்லுக்கு முன்னால் குனிந்து நின்றான். ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் போய்க்கொண்டிருந்தான். அலைடா சற்றுத் தள்ளி மேயரின் மனைவியிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து எல்லாம் அவளுக்குத் தெரிந்தது, கேட்டது.

நிலையத்துக்கு 'எல்லாருக்கும் எளிமையாக' என்று ஒரு திட்டம் உண்டு. படிக்க முடியாதவர்களைத் தேடிப் போய் விளக்க வேண்டும், விளங்கியதா என்று கேள்வி கேட்க வேண்டும், சரியாகச் சொன்னால் உற்சாகப்படுத்த வேண்டும். அதற்காக மார்லூஸ் கையில் ஒட்டுச்சீட்டுகளோடு சுற்றிக்கொண்டிருந்தாள். கிழவரின் விரலைப் பார்த்துவிட்டாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"ஐயா, படிக்கக் கஷ்டமா இருக்கா? வெக்கப்படாதீங்க, எத்தனையோ பேரு இருக்காங்க. நான் சொல்றேன் கேளுங்க." குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வீபே தலையை ஆட்டிக் கேட்டான். "இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம். நொப்பஸ் எங்கிருந்து வந்துச்சு?"

வீபே கல்லைப் பார்த்தான். சிலையைப் பார்த்தான். நன்றாகவே யோசித்தான்.

"ஒண்ணுமில்லாததுலேருந்து."

"சபாஷ்! யாருக்காக வந்துச்சு?"

"யாருக்காகவும் இல்ல."

"அருமை! எல்லாமே சரி!" மார்லூஸ் ஓர் ஒட்டுச்சீட்டைப் பிரித்து அவன் சீருடையின் மார்பில் அழுத்தி ஒட்டினாள். வட்டமான வெள்ளைச் சீட்டு. நடுவில் சிவப்பாக ஒரு சுழி.

அலைடா மேயரின் மனைவியைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஏன் வீபே அப்படிச் சொன்ன? அவகிட்ட நீ யாருன்னு சொல்லியிருக்கலாமே!"

அவன் கேட்கவில்லை. சீட்டின் ஓரம் எழும்பிவிடாமல் கட்டைவிரலால் சுற்றிலும் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கிண்டல் செய்கிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவன் கிண்டல் முகம் அவளுக்கு மனப்பாடம். இது அந்த முகம் இல்லை. கண்ணில் நீர் நின்றது, வாய் பையன் போலச் சிரித்தது.

"பாரு அலைடா," என்றான் குரலைத் தாழ்த்தி. "நீ போட்டதில்ல. அவங்களே போட்டது. கவர்ன்மெண்டு சுழி."

அலைடா அவன் காலரைச் சரிசெய்துவிட்டாள். பிறகு வரிசையில் வந்த மற்றவர்களைப் போலவே அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள்" என்றாள்.